முழங்கையில் அல்நார் நரம்பு அழுத்தம்: எக்ஸ்ரே எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சுண்டுவிரலும் மோதிரவிரலும் சில மாதங்களாக மரத்துப்போகின்றன. முழங்கையில் நரம்பு அழுத்தப்படுவதாகச் சந்தேகித்த மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் இயல்பாக இருப்பதாக அறிக்கை வந்துவிட்டது. அப்படியானால் நரம்பில் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா, நரம்பே தெரியாத ஒரு படத்தை எதற்காக எடுக்கச் சொல்கிறார்கள் என்பது கேள்வி. முதல் பாதிக்கு விடை எளிது: எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்பு அழுத்தம் உள்ளவர்களில் கணிசமானோரின் முழங்கை எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாகவே இருக்கும். இரண்டாம் பாதிக்குத்தான் விரிவான விளக்கம் வேண்டும். எக்ஸ்ரே நரம்பைப் பார்ப்பதற்காக எடுக்கப்படுவதில்லை; நரம்பு கடந்து செல்லும் எலும்புப் படுகையைப் பார்ப்பதற்காக எடுக்கப்படுகிறது. அழுத்தம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடை தராது. அழுத்தத்துக்கு எலும்பு காரணமாக இருக்கிறதா, அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எந்த முறை பொருந்தும் என்ற கேள்விகளுக்கு அது ஓரளவு விடை தரும்.

முதலில் நரம்பின் பாதையைச் சற்று நினைவில் கொள்வோம். அல்நார் நரம்பு எட்டாம் கழுத்து நரம்பு வேரிலிருந்தும் முதலாம் மார்பு நரம்பு வேரிலிருந்தும் இழைகளைப் பெற்று, மேற்கையின் உள்பக்கமாக இறங்கி, முழங்கையின் உள்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்புப் புடைப்பின் பின்னால் உள்ள பள்ளத்தில் வந்து சேர்கிறது. அவ்விடத்தில் நரம்புக்கும் தோலுக்கும் இடையே சதை மிகக் குறைவு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் விறுவிறுப்பதற்குக் காரணம் அதுவே. பள்ளத்தைத் தாண்டியதும் நரம்பு ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதன் கூரை ஆஸ்போர்ன் பட்டை எனப்படும் நார்த்திசு. தரை, மூட்டின் உள்பக்கத்தைப் பிணைக்கும் இணைப்பு நார். அதன் பிறகு முன்கைத் தசை ஒன்றின் இரு தலைகளுக்கு நடுவே நுழைந்து மணிக்கட்டை நோக்கிச் செல்கிறது. இந்தக் கூரைப் பட்டையின் பங்கை 1957இல் ஜெஃப்ரி ஆஸ்போர்ன் விவரித்தார். அடுத்த ஆண்டிலேயே ஃபைண்டெல், ஸ்ட்ராட்ஃபோர்ட் ஆகிய இருவர் இந்த அழுத்தத்துக்கு க்யூபிட்டல் டனல் சிண்ட்ரோம் (முழங்கைச் சுரங்கக் கோளாறு) என்ற பெயரை வழங்கினர். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் கோளாறுக்கு அடுத்தபடியாக, கையில் மிகுதியாகக் காணப்படும் நரம்பு அழுத்தம் இதுதான்.

முழங்கையை மடக்கும்போது கூரைப் பட்டை இறுகுகிறது, சுரங்கத்தின் வட்டமான வெட்டுமுகம் தட்டையாகிறது, உள்ளே அழுத்தம் உயர்கிறது; அதே வேளையில் புடைப்பைச் சுற்றி வளையும் நரம்பும் இழுபடுகிறது. கையை மடக்கி வைத்து உறங்குவோருக்கும், தொலைபேசியை நெடுநேரம் காதில் வைத்திருப்போருக்கும், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை செய்வோருக்கும் அறிகுறிகள் மிகுவது இதனால்தான். இந்தக் காரணங்களில் ஒன்றுகூட எலும்பைச் சார்ந்தது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இறுகிய நார்ப்பட்டையோ, சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடும் ஒரு மிகைத் தசையோ, மடக்கும்போது பள்ளத்தை விட்டு முன்னால் வழுக்கி விழும் நரம்போ எக்ஸ்ரேயில் தடயம் விடுவதில்லை. ஆகவே இயல்பான படம் என்பது, அழுத்தத்துக்கு எலும்பு காரணம் இல்லை என்பதை மட்டுமே பெரும்பாலும் உணர்த்துகிறது.

எக்ஸ்ரே கதிர்களை எலும்பிலுள்ள கால்சியம் மிகுதியாக உறிஞ்சுகிறது. நரம்பும் தசையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடிவதில்லை. இதற்கு ஓர் அரிய விதிவிலக்கு உண்டு: தொழுநோயில் நீண்ட காலம் அழற்சியுற்றுத் தடித்த அல்நார் நரம்பில் சில வேளைகளில் சுண்ணம் படிந்துவிடும், அப்போது நரம்பே வெண்ணிறக் கோடாகவோ புள்ளிகளாகவோ படத்தில் தெரியக்கூடும். தொழுநோய் விரும்பித் தாக்கும் நரம்புகளுள் இதுவும் ஒன்று என்பதால், முழங்கைக்கு மேலே நரம்பு கயிறுபோல் தடித்துத் தட்டுப்பட்டாலோ, தோலில் உணர்வற்ற தேமல் இருந்தாலோ, எக்ஸ்ரே என்ன சொன்னாலும் அந்தத் திசையில் ஆராய்வது கடமை.

படம் எடுக்கும் முறையைப் பற்றி நோயாளிகள் கேட்பது குறைவு, ஆனால் பயன் பெரிதும் அதைப் பொறுத்தது. வழக்கமாக இரண்டு கோணங்கள் எடுக்கப்படும்: கையை நீட்டி உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து முன்னிருந்து ஒன்று, முழங்கையை 90 பாகை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து மற்றொன்று. மூட்டின் பொதுநிலை, தேய்மானம், பழைய முறிவு, கையின் கோணம் ஆகியவற்றுக்கு இவை போதும். ஆனால் நரம்பு கிடக்கும் பள்ளம் புடைப்பின் பின்புறத்தில் இருப்பதால், இவ்விரு படங்களிலும் அது மற்ற எலும்புகளின் நிழலில் மறைந்துவிடுகிறது. அதற்காகவே க்யூபிட்டல் டனல் கோணம் என்ற மூன்றாவது படம் உண்டு. முழங்கையை இயன்றவரை முழுமையாக மடக்கி, மேற்கையைப் படத்தகட்டின்மேல் கிடத்தி, கையை ஏறத்தாழ 15 பாகை வெளிப்புறமாகத் திருப்பி, மேற்கை எலும்பின் கீழ்முனையைப் பள்ளத்தின் போக்கிலேயே நோக்குமாறு கதிரைச் செலுத்துவார்கள். சரியாக அமைந்த படத்தில் உள்பக்கப் புடைப்புக்கும் மூட்டு முனைக்கும் இடையே பள்ளம் தெளிவான வளைவாகத் தெரியும். அது ஆழமாக இருக்கிறதா, ஆழமற்றுக் கிடக்கிறதா, விளிம்பில் எலும்பு முள் வளர்ந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். என் கருத்தில், நரம்பு அழுத்தத்துக்காகவே எடுக்கப்படும் எக்ஸ்ரேயில் இந்தக் கோணத்தை விட்டுவிடுவது பாதி வேலையை விட்டுவிடுவதற்குச் சமம். பரிந்துரைச் சீட்டில் வெறுமனே முழங்கை எக்ஸ்ரே என்று எழுதினால் இரண்டு கோணங்களே கிடைக்கும். எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் எந்தக் கோணம் வேண்டும் என்பதையும் மருத்துவர் எழுதியாக வேண்டும்.

இனி, படத்தில் தேட வேண்டியவை. முதலிடம் மூட்டுத் தேய்மானத்துக்கு. இடுப்பு, முழங்கால் மூட்டுகளோடு ஒப்பிட்டால் முழங்கையில் தேய்மானம் குறைவே. ஆயினும் நெடுங்காலம் கடும் உடலுழைப்பில் ஈடுபட்டவர்களிடமும், அதிரும் இயந்திரங்களைக் கையாண்டவர்களிடமும், பழைய அடிபட்ட மூட்டுகளிலும் அது காணப்படும். தேய்ந்த மூட்டின் உள்பக்க விளிம்புகளில், மேற்கை எலும்பிலும் முன்கையின் அல்னா எலும்பிலும், எலும்பு முட்கள் முளைக்கும். சுரங்கத்தின் தரை மூட்டை ஒட்டியே இருப்பதால் அந்த முட்கள் தரையைக் கீழிருந்து உயர்த்தி, நரம்பைக் கூரைப் பட்டையோடு சேர்த்து நெருக்குகின்றன. கையை முழுவதும் நீட்ட முடியாமல் போனவருக்குச் சுண்டுவிரல் மரப்பும் சேர்ந்து வந்தால், படத்தில் இதைக் காணப் பெரும் வாய்ப்புண்டு. இங்கே இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தேய்ந்த மூட்டிலிருந்து நீர்க்கட்டி ஒன்று புடைத்துக் கிளம்பி, சுரங்கத்துக்குள் நுழைந்து நரம்பை அழுத்துவதும் உண்டு. எக்ஸ்ரே தேய்மானத்தைக் காட்டும், நீர்க்கட்டியைக் காட்டாது. மெதுவாக வளர வேண்டிய அறிகுறிகள், தேய்ந்த மூட்டுள்ள ஒருவருக்குச் சில வாரங்களிலேயே, உள்பக்க வலியோடு வேகமாக முற்றினால், அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுத்து இதைத் தேடுவது நல்லது.

அடுத்தது பழைய முறிவுகள். எக்ஸ்ரேக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ் முறிந்து, கவனிக்கப்படாமலோ சரியாகப் பொருந்தாமலோ ஒட்டாமல் நின்றுவிட்டால், கை வளர வளர முன்கை வெளிப்புறமாகச் சாய்ந்துகொண்டே போகும். இயல்பான கையிலேயே மேற்கைக்கும் முன்கைக்கும் இடையே சுமார் 5 முதல் 15 பாகை வரை வெளிச்சாய்வு உண்டு. அது மிகும்போது உள்பக்கத்தில் ஓடும் நரம்பு ஒவ்வோர் அசைவிலும் நீண்ட பாதையில் இழுபடுகிறது. விளைவு உடனே தெரிவதில்லை. பத்து, இருபது, சில நேரம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு விரல்கள் மரத்து, கைத் தசைகள் மெலியத் தொடங்கும். அதற்குள் சிறுவயதில் விழுந்ததையே நோயாளி மறந்திருப்பார். தாமதமாக வரும் இந்த அல்நார் வாதத்தைப் பாரிஸில் பணியாற்றிய மருத்துவர் பானாஸ் 1878இல் விவரித்தார். ராண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தது 1895இல்; ஆக, எலும்பைப் படமெடுக்கும் வழி பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, தொட்டும் பார்த்தும் மட்டுமே இந்தத் தொடர்பை உணர்ந்திருக்கிறார்கள். முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவு வளைந்து ஒட்டினால் கை உட்புறமாகச் சாய்ந்துவிடும். அப்போதும் சில ஆண்டுகள் கழித்து நரம்பு பாதிக்கப்படலாம். கையின் பின்தசை இடம்பெயர்ந்து நரம்பை உள்பக்கமாகத் தள்ளுவது அதற்கு ஒரு காரணம். இரண்டிலும் கையை நீட்டி எடுத்த முன்படத்தில் கோணத்தை அளந்து, மறுகையின் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

சிறுவர்களின் படத்தைப் படிப்பது தனிக்கலை. உள்பக்கப் புடைப்பு ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதில்தான் எலும்பாகத் தொடங்குகிறது. பதின்பருவத்தின் பிற்பகுதி வரை அது தனித் துண்டாகவே படத்தில் தெரியும். அதை முறிவு என்று தவறாகக் கருதுவதும், உண்மையிலேயே முறிந்து விலகிய துண்டை வளர்ச்சிக் கோடு என்று விட்டுவிடுவதும் நிகழ்கின்றன. மூட்டு பிசகிச் சரியான பிறகு அந்தத் துண்டு மூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. நரம்பு அதன் அருகிலேயே இருப்பதால் அதுவும் ஆபத்துக்குள்ளாகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நம்பகமான விதி உதவுகிறது. அல்னா எலும்பு சுழலும் கப்பி போன்ற உள் மூட்டுமுனை எலும்பாவது உள்பக்கப் புடைப்பு எலும்பான பின்னர்தான். எனவே புடைப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவும், கப்பிமுனை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எலும்புத் துண்டும் தெரிந்தால், புடைப்புதான் உள்ளே போய்ச் சிக்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

மற்றவை அவ்வளவு பரவலாகக் காணப்படுபவை அல்ல. தலைக்காயத்துக்குப் பிறகு நெடுநாள் நினைவின்றிக் கிடந்தவர்களுக்கும் தீக்காயம் பட்டவர்களுக்கும் மூட்டைச் சுற்றி, எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு வளர்ந்து நரம்பைச் சூழ்ந்துகொள்ளலாம். பந்தெறியும் விளையாட்டு வீரர்களிடம் மூட்டின் உள், பின் விளிம்பில் முட்களும், இணைப்பு நாரில் சுண்ணப் படிவும் தெரியலாம். மூட்டுக்குள் தளர்ந்து திரியும் துண்டுகள், முன்பு பொருத்திய தகடு அல்லது திருகின் முனை, எலும்புக் கட்டிகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. மேற்கை எலும்பின் உள்முன் பக்கத்தில், புடைப்புக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே கீழ்நோக்கி நீளும் ஒரு சிறு பிறவிக் கொம்பு சிலருக்கு இருக்கும். அது பெரும்பாலும் மீடியன் நரம்பையே தொந்தரவு செய்யும் என்றாலும் அல்நார் நரம்பும் அரிதாகச் சிக்கும். படம் மிகக் கீழிருந்தே தொடங்கினால் கொம்பு சட்டத்துக்கு வெளியே போய்விடும் என்பதால், மேற்கையின் கீழ்ப்பகுதியும் படத்துக்குள் வர வேண்டும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று அவசியம். படத்தில் ஒரு முள் தெரிந்துவிட்டது என்பதற்காக அதுவே நோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. எந்தத் தொல்லையும் இல்லாத பலரின் முழங்கையிலும் நடுவயதுக்குப் பின் முட்கள் இருக்கவே செய்கின்றன. மரப்பு முழங்கையிலிருந்துதான் வருகிறது என்பதை நிறுவும் பொறுப்பு உடல் பரிசோதனைக்கும் நரம்பு மின்கடத்தல் சோதனைக்கும் உரியது. சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும் உணர்வுக் குறைவு, புடைப்பின் பின்னால் தட்டினால் விரலுக்குப் பாயும் விறுவிறுப்பு, முழங்கையை மடக்கி வைத்தால் ஓரிரு நிமிடத்துக்குள் தீவிரமாகும் மரப்பு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே காகிதத்தைப் பிடிக்கும்போது கட்டைவிரலின் நுனிக்கணு மடங்கிவிடுவது ஆகியவை பரிசோதனையில் பார்க்கப்படுபவை. மின்கடத்தல் சோதனையில், முழங்கையைக் கடக்கும் வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்குக் கீழே இறங்கினாலோ, முன்கைப் பகுதியின் வேகத்தைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்தாலோ, தடை முழங்கையில் இருப்பதற்குச் சான்றாகும். அல்ட்ராசவுண்ட் நரம்பையே நேரில் காட்டும்: அழுத்தத்துக்கு மேலே அது வீங்கியிருப்பதையும், வெட்டுமுகப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைக் கடப்பதையும், கையை மடக்கும்போது அது வழுக்குவதையும் காணலாம். எலும்பின் வடிவம் சிக்கலாக இருக்கும்போது சிடி ஸ்கேன் எக்ஸ்ரேயைவிட நுட்பமாகப் பேசும்.

முழங்கைப் படம் மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடுவதும் சரியன்று, ஏனெனில் அதே விரல்களை மரக்கச் செய்யும் இடங்கள் வேறு சில உண்டு. முன்கையின் உள்பக்கமும் மரத்திருந்தால் கோளாறு முழங்கைக்கு மேலே, கழுத்திலோ தோளுக்கு அருகிலோ இருக்க வாய்ப்பு அதிகம். முழங்கையில் மட்டும் நரம்பு நெருக்கப்பட்டால் அப்பகுதிக்கு உணர்வு தரும் கிளை தப்பித்துவிடும். முன்கையும் மரத்திருக்கும்போது கழுத்து எக்ஸ்ரே எலும்புத் தேய்வையும், கழுத்தில் மிகையாக அமைந்த விலா எலும்பையும் காட்டும். புகைபிடிக்கும் ஒருவருக்குத் தோள்வலியும், ஒருபக்கக் கண்ணிமை இறக்கமும், கருவிழித் துளை சுருங்குவதும் சேர்ந்திருந்தால், நுரையீரல் உச்சியில் வளரும் பான்கோஸ்ட் புற்றுக்கட்டியைத் தேடி மார்பு எக்ஸ்ரே எடுப்பது முழங்கைப் படத்தைவிட முக்கியம். மாறாக, விரல்கள் மரத்தும் புறங்கையின் உள்ளோரம் மட்டும் உணர்வோடு இருந்தால், நரம்பு மணிக்கட்டில் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயின் முடிவு சிகிச்சையை எங்கே மாற்றுகிறது? ஆரம்ப நிலையில், மரப்பு வந்து வந்து போகும் ஒருவருக்கு, பெரும்பாலும் எங்கும் மாற்றுவதில்லை. முழங்கையை ஊன்றாமல் இருப்பது, மடக்கி வைப்பதைத் தவிர்ப்பது, இரவில் அதிகம் மடங்காதபடி மென்மையான தாங்கி அணிவது ஆகியவையே முதற்கட்டச் சிகிச்சை. இத்தகையவர்களில், முன்பு அடிபட்டதில்லை, கை முழுமையாக நீள்கிறது, மூட்டு உருக்குலையவில்லை என்றால், முதல் சந்திப்பிலேயே எக்ஸ்ரே எடுத்தே தீர வேண்டும் என்று நான் கருதவில்லை. அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு எழும்போது நிலைமை மாறுகிறது. மூட்டு சீராக உள்ளவர்களுக்குக் கூரைப் பட்டையை மட்டும் பிரித்துவிடும் எளிய அறுவைக்கும், நரம்பைப் புடைப்பின் முன்பக்கத்துக்கு இடம் மாற்றும் அறுவைக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே எளியதையே பலரும் தேர்கின்றனர். ஆனால் படுகையே முள்ளாகவோ, பழைய முறிவால் உருக்குலைந்தோ இருந்தால், கூரையை மட்டும் திறந்துவிட்டு நரம்பை அங்கேயே கிடத்துவது போதாமல் போகலாம். அதை முன்பக்கம் கொண்டுவருவதோ, முள்ளை அகற்றுவதோ, மிகுந்த வெளிச்சாய்வு உள்ள கையில் எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்துவதோ தேவைப்படலாம். சாதாரண எக்ஸ்ரே இல்லாமல் இந்த முடிவுகளை எடுக்க முடியாது; அறுவை அரங்கில் தோலைத் திறந்த பிறகு எதிர்பாராத முள்ளைச் சந்திப்பதை எந்த மருத்துவரும் விரும்புவதில்லை.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் இங்கே தேவையற்றது. கை, கால் எக்ஸ்ரேயின் கதிரளவு 0.001 மில்லிசீவர்ட் என்ற வரிசையில் வரும். இயற்கையிலிருந்து நாம் அனைவரும் சில மணி நேரத்தில் பெறும் அளவு அவ்வளவே. கருவுற்றவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றாலும், முழங்கைப் படத்தில் வயிற்றுப் பகுதிக்குச் செல்லும் கதிர் மிக மிக அற்பம்.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அறிக்கையில் இயல்பு என்று இருந்தாலும், எத்தனை கோணங்கள் எடுக்கப்பட்டன, பள்ளத்தைக் காட்டும் கோணம் அவற்றுள் உண்டா என்று பாருங்கள். சிறுவயதில் அந்தக் கையில் முறிவு ஏற்பட்டிருந்தால், வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்தாவது மருத்துவரிடம் சொல்லுங்கள். மரப்பு இடைவிடாது நீடித்தாலோ, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே புறங்கையில் குழி விழுந்தாலோ, பொத்தான் போடுவதும் சாவி திருப்புவதும் சிரமமாகத் தொடங்கினாலோ, மறு எக்ஸ்ரேக்காகக் காத்திராமல் மின்கடத்தல் சோதனைக்கும் அறுவை நிபுணரின் கருத்துக்கும் விரைந்து செல்லுங்கள். மெலிந்துபோன தசை முழுவதும் மீளும் என்பதற்கு, அழுத்தம் நீங்கிய பிறகும், உறுதி இல்லை.